முகத்துவாரம் வெட்டும் மட்டத்தைப் புரட்டாசியிலேயே பேசி வைப்போம்

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கி வாவியில் நீர் ஏறியதும் மட்டக்களப்பில் ஆண்டுதோறும் ஒரே வாக்குவாதம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயற்காரர், வாவி கடலில் சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணலை இன்றைக்கே வெட்டச் சொல்வார்கள். வாவி மீனவர் பொறுக்கச் சொல்வார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் அவசரக் கூட்டம் கூடும். எவருடைய சத்தம் உயர்ந்ததோ தீர்மானமும் அந்தப் பக்கம் சாயும். நாங்கள் எவருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. பிரச்சினையை 'விவசாயியா, மீனவரா' என்று இரண்டாகப் பிளந்ததுதான் முதற்பிழை என்கிறோம். அந்த இரண்டுக்குள்ளும் பல பக்கங்கள் உண்டு.

வயலை எடுத்துக்கொள்வோம். ஒக்டோபர் நடுவில் விதைத்த பயிருக்கு நவம்பர் கடைசியில் வயது ஏறக்குறைய 40 நாள். அந்த வயதில் நுனி வெளியே தெரியும் அளவுக்கு நீர் நின்றால் பயிர் தப்பும். முழுதாக மூடி ஒரு வாரம் நின்றால் வழக்கமான இனங்கள் பெரும்பாலும் அழுகிப் போகும். பூக்கும் பருவமென்றால் இரண்டொரு நாளே போதும், கதிர் சப்பியாகும். ஒரே வட்டைக்குள், அதாவது ஒரே வயல்வெளிக்குள், ஒருவர் முந்தி விதைத்த 94-1 என்ற மூன்றரை மாத நெல் இருக்கும், அடுத்தவர் பிந்தி விதைத்த மூன்று மாத நெல் இருக்கும். இருவருக்கும் ஆபத்து நாள் ஒன்றல்ல. ஆகவே 'விவசாயிகளின் கோரிக்கை' என்று ஒற்றைத் திகதி கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் வயற்காரரிடமே இருக்கிறது. அவசரப்பட்டு வெட்டியபின் மழை ஓய்ந்தால் வாவி கடல்மட்டத்துக்கு இறங்கிவிடும். பிறகு ஒவ்வொரு பெருக்குக்கும் உப்புநீர் உள்ளே வரும். மண்ணின் உவர், மின்கடத்தும் அளவில், மீற்றருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். இந்த இழப்பு வாவிக்கரையை ஒட்டிய தாழ்வயலில்தான் முதலில் விழும், மேட்டு வயலில் அல்ல. கூட்டத்துக்கு வருபவரோ அநேகமாக மேட்டிலும் பள்ளத்திலும் காணி வைத்திருக்கும் போடியார். கரையோரத்தைக் குத்தகைக்குச் செய்பவர் அன்று வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நிற்பார்.

மீனவர் பக்கமும் அப்படித்தான். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரத்தால் உள்ளே வந்து வாவியில் வளர்ந்து மறுபடி கடலுக்கே போகும். முகத்துவாரம் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தால் குஞ்சு வராது. பாதி வளர்ச்சியில் வெட்டினால் இறால் நீரோட்டத்தோடு போய்விடும். உள்வாவியில் வீச்சுவலை போடுபவருக்கு அது நட்டம். முகத்துவாரத்தடியில் வலை கட்டுபவருக்கு அதே வாரம் அறுவடை. தோணியை வாவிக்குள் கட்டிக் கடலுக்குப் போகிறவருக்கோ வாய் திறந்திருக்க வேண்டும். மூவரையும் ஒரே கதிரையில் இருத்திவிட்டு 'மீனவர் சங்கம் எதிர்க்கிறது' என்று கூட்டக்குறிப்பில் எழுதினால் அது யாருடைய கருத்து?

மூன்றாவது கண் பொறியியலாளருடையது. வெட்டு என்பது மணலைத் தோண்டுவது மட்டுமல்ல. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மட்ட வித்தியாசம்தான் வேலையைச் செய்கிறது. பெக்கோ என்ற மண் அகழும் இயந்திரம் கொண்டு கடற்பக்கத்தில் தொடங்கி உள்நோக்கி வெட்டி வந்து, வாவிப்பக்கம் ஒரு வரம்பைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும். மூன்று நான்கு மீற்றர் அகலத்தில் ஆழமாக வெட்டுவது, பத்து மீற்றர் அகலத்தில் மேலோட்டமாகச் சுரண்டுவதைவிட நல்லது. ஓட்டம் ஒடுங்கிய வழியால் பாய்ந்தால்தான் மணலை அரித்துத் தானே வாயை அகலமாக்கும். அள்ளிய மணலை ஓரத்திலேயே குவித்தால் கரை சரியும்போது அதே மணல் திரும்ப உள்ளே விழும். இயந்திரம் எந்தக் கரையில் நிற்கிறது, பின்வாங்க வழி எது என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். வாய் அகலும் வேகம் ஓட்டுநர் நினைப்பதைவிடக் கூடுதல்.

நேரமும் முக்கியம். நமது கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் வற்று ஆழமானது. பெருக்கின் உச்சம் கழிந்து நீர் இறங்கத் தொடங்கும்போது வரம்பை உடைத்தால் அடுத்த ஆறு மணி நேரமளவில் கடல் இறங்கிக்கொண்டே போகும், வாயும் அகலும். பெருக்கு ஏறும் நேரத்தில் உடைத்தால் ஓட்டம் சோர்ந்து, அலை மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். தாழமுக்கம் கரைக்கு அருகில் நின்று காற்று கடலிலிருந்து அடிக்கும் நாளில் கடலே உயர்ந்து நிற்கும். அன்றைக்கு வெட்டச் சொல்லி அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பலனோ மிகக் குறைவாக இருக்கும். சென்ற வருடம் வெட்டியும் அடைபட்டது என்று எவராவது குறைப்பட்டால், முதலில் அன்றைய வற்று நேரத்தையும் காற்றையும் கேட்டுப் பாருங்கள்.

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். பாலமீன்மடுவில் திறந்தவுடன் வெல்லாவெளிப் பக்கம் நீர் வடிந்துவிடாது. வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு என்று பாலங்களும் அவற்றுக்கான வீதி அணைகளும் நடுவில் நெருக்குகின்றன. வாடைக்காற்று அடித்தால் நீர் தெற்கே ஒதுங்கும். தென்பகுதிக்கு, வாவியின் மற்ற முகத்துவாரமான கல்லாற்று வாய்தான் கிட்ட. அதை ஒரே கூட்டத்தில் சேர்த்துப் பேசுவது அரிது. உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவு திறந்தால் அந்த நீரும் வாவிக்கே வருகிறது. அணைக்கட்டுப் பொறுப்பாளரின் கவலை வேறு. அவர் கதவைத் திறக்கும் மணித்தியாலம் வாவிக்கரையில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் மற்றக் கணக்கெல்லாம் பிழைக்கும்.

சரி, என்ன செய்யலாம்? பெரும்போக ஆரம்பக் கூட்டம் நடக்கும் காலத்திலேயே, அதாவது ஒருவருக்கும் நெஞ்சு படபடக்காத புரட்டாசியில், முகத்துவாரக் கூட்டத்தையும் வையுங்கள். வெட்டுவதா விடுவதா என்று கேட்க வேண்டாம். எந்த மட்டத்தில், எந்த இடத்தில், எத்தனை மணி நேர முன்னறிவித்தலோடு என்று கேளுங்கள். அதற்கு முதல் தேவை அளவுகோல். பாலமீன்மடு, வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய நான்கு இடத்திலும் கம்பம் நட்டு, நான்கின் பூச்சியமும் ஒரே சராசரிக் கடல்மட்டத்துக்குப் பொருந்தும்படி நில அளவையாளரைக் கொண்டு குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் முழங்காலளவு என்பார், மற்றவர் இடுப்பளவு என்பார், இருவரும் உண்மைதான் சொல்வார்கள். காலை 6, மாலை 6 என இரு வாசிப்பு போதும். காற்று பலமான நாளில் ஒற்றைக் கம்பத்தை நம்பாமல் நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும்: என் தொழிலுக்கு எந்த மட்டம் ஆபத்து, எந்த மட்டம் தேவை, எத்தனை நாள் தாங்குவேன். எழுதத் தெரியாதவர் பக்கத்தில் கிராம சேவகர் இருக்கலாம். தலைமை தாங்கும் அதிகாரி கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். அவர் முதலில் பேசினால் மண்டபம் முழுக்க 'ஓம் சேர்' என்பதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெளியே தேநீர்க் கடையில்தான் உண்மையான கூட்டம் நடக்கும். குத்தகைச் செய்கையாளர், போடியாரின் வயலைப் பார்த்துச் செய்யும் முல்லைக்காரர், உள்வாவி வீச்சுவலைக்காரர், இறால் வாங்கி விற்கும் பெண்கள் ஆகியோருக்குத் தனித்தனி ஆசனம் வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் விளையாட்டுப்போலத் தோன்றும், ஆனால் இதில்தான் முடிச்சு அவிழும். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை எழுந்து மீனவரின் நியாயத்தை ஐந்து நிமிடம் பேச வேண்டும். மீனவர் 'ஓம், அதுதான் எங்கட கதை' என்று ஒப்பும்வரை விதானையை உட்கார விடக் கூடாது. பிறகு மீனவர் வயற்காரரின் நியாயத்தைப் பேச வேண்டும். கடைசியாக எல்லோரிடமும் இப்படிக் கேட்க வேண்டும்: வெட்டி 15 நாளாயிற்று, எல்லாம் பிழைத்துப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன காரணத்தால்? இயந்திரம் மணலில் புதைந்தது, டீசல் வரவில்லை, அறிவித்தல் கிடைக்காமல் வலை இழுபட்டுப் போனது, வாயருகே வேடிக்கை பார்க்க நின்ற பிள்ளை ஓட்டத்தில் விழுந்தது. எதிர்ப்பு என்று கருதாமல் இதைச் சொல்ல மக்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. வலை எடுக்கவும் தோணி கட்டவும் 48 மணி நேரம் வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இங்கேதான் பிறக்கும்.

இது கைகூடாத காரியம் என்று நினைப்பவர் அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்து இடதுகரையைப் பார்க்கலாம். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அங்கே இளம் அமைப்பாளர்களை வயலுக்கு அனுப்பின. அதுவரை விவசாயி நீரை வீணாக்குகிறார் என்பார் பொறியியலாளர். நீரே வருவதில்லை என்பார் வாய்க்காலின் வாற்பகுதியில் இருந்த விவசாயி. அமைப்பாளர்கள் வாய்க்கால் வாய்க்காலாகச் சிறு குழுக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 1981 இல் குளத்தில் நீர் மிகக் குறைவாக இருந்தபோதே தலைப்பகுதிக்காரர் வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைபோட்டு நீரெடுத்து, மிச்சத்தைக் கீழே விட்டார்கள். தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களவரும், வாற்பகுதியில் தமிழ் பேசுவோரும் இருந்த திட்டம் அது.

வெட்டியபின் ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும்: வெட்டிய நேரம், நான்கு கம்ப மட்டங்கள், காற்று, வாய் எத்தனை நாள் திறந்திருந்தது, எந்த வட்டையில் எத்தனை நாளில் நீர் வடிந்தது, எதிர்பார்த்தது எது. அடுத்த புரட்டாசிக் கூட்டம் அந்தத் தாளை வாசித்துத்தான் தொடங்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பங்கள் நடப்பட்டால் நவம்பர் முதல் ஜனவரி வரை நான்கு மட்டங்களையும் அன்றைய வற்று நேரத்தையும் தங்கள் பத்திரிகையின் வானிலைப் பகுதிக்குப் பக்கத்தில் இரண்டு வரியாக வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
நீர்ப்பாசனமும் வாவி மீன்பிடியும் அறிந்த வாசகர்கள் சிலர்,
மட்டக்களப்பு.