ஆர்ல் நகரத்து உடையும் நம் சாயவேரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஐரோப்பியப் பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் அதில் ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழங்கால உடை அணிந்து நடத்தும் விழாக்கள் எல்லாம் இப்போது சுற்றுலாப் பயணிகளின் கேமராவுக்காகத்தான் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். தென் பிரான்சில் ஆர்ல் நகரத்தில் நான் பார்த்தது அப்படி இல்லை. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

என் தங்கை குடும்பம் மர்சேயில் இருக்கிறது. காரைக்கால்காரர்களுக்கு பிரான்சில் உறவு இருப்பது புதிதல்லவே. அங்கிருந்து ஆர்லுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். ஓவியர் வான்கா 1888-ல் தங்கி வரைந்த ஊர் என்பதால் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். அன்று ஜூலை மாதத்து முதல் ஞாயிறு, அந்த ஊரின் உடைத் திருவிழா நாள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஊருக்குள் நுழைந்தால் ரோமானியர் கட்டிய வட்ட அரங்கைச் சுற்றியுள்ள சந்துகளில் எல்லாம் பெண்கள். தரை தொடும் பட்டுப் பாவாடை, தோளில் வெள்ளைச் சல்லா, உச்சியில் ஏற்றிக் கட்டிய கொண்டை, அதைச் சுற்றி வெல்வெட் ரிப்பன். கமார்க் சதுப்பு நிலத்து வெள்ளைக் குதிரைகளில் கார்தியன் எனப்படும் மாடு மேய்ப்பவர்கள் வந்தார்கள். சிலருக்குப் பின்னால் பெண்கள் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கையால் குழல் ஊதிக்கொண்டே மறு கையால் நீள மேளத்தைத் தட்டும் வாத்தியக்காரர்கள் முன்னே நடந்தார்கள். என்னைப் போன்ற வெளியூர்க்காரர்களும் கூட்டத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் ஓரத்தில் நின்றவர்களில் நிறையப் பேர் ஊர்வலத்தில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அத்தை மகளும் போகும் ஊர்வலம் அது.

செயின்ட் த்ரொஃபீம் தேவாலயத்துப் படிக்கட்டு நிழலில் பார்த்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பதினாறு வயது இருக்கும் ஒரு பெண்ணை நிற்கவைத்து, அவள் பாட்டி உதட்டில் குண்டூசிகளைக் கடித்தபடி தோள்துணியின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். மார்புக்கு முன்னால் அந்த மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி வரவேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவில். இடப் பக்கம் ஒரு நூல் தாழ்ந்துவிட்டது என்று பாட்டி ஊசிகளை எல்லாம் கழற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. என் தங்கை பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தாள். கொண்டையும் ரிப்பனும் தானே கட்டிக்கொண்டதாகவும், தோள்துணி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை என்றும் அந்தப் பெண் சொன்னாள். கேமராவுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு நூல் ஏற்ற இறக்கம் எந்தப் புகைப்படத்தில் தெரியப்போகிறது?

அங்கே வயதுக்கு ஏற்ற உடை உண்டு. சின்னக் குழந்தைக்குத் தொப்பி. கொஞ்சம் வளர்ந்த சிறுமிக்கு வேறு தலை அலங்காரம். பதினைந்து, பதினாறு வயதில்தான் ரிப்பன். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆர்ல் நகர அரசி என்று ஓர் இளம்பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1930-ல் தொடங்கிய வழக்கம். அழகிப் போட்டி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வட்டாரத்தின் வரலாறு, இலக்கியம், கலை பற்றிக் கேள்வி கேட்பார்கள். அந்த வட்டாரத்தின் பழைய மொழியான ப்ரொவான்சால் தெரிந்திருக்க வேண்டும். உடையைப் பற்றி நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் ஆதிகாலத்திலிருந்து தானாக வந்தது என்று நான் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இந்த உடை மெல்ல மறைந்துகொண்டிருந்தது. ப்ரொவான்சால் மொழிக் கவிஞர் பிரெடெரிக் மிஸ்திரால் அதைத் தடுத்து நிறுத்த முனைந்தார். உடை, தொட்டில், சமையல் பாத்திரம் என்று சாதாரண மக்களின் பொருட்களைச் சேர்த்து ஆர்லில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். 1903-ல் ரிப்பன் கட்டும் வயதுக்கு வந்த பெண்களுக்கென்று ஒரு விழாவையும் ஏற்படுத்தினார். 1904-ல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்தப் பணத்தை அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். பல ஆண்டுகள் மூடிச் சீரமைத்து, 2021-ல் அதை மீண்டும் திறந்திருக்கிறார்கள். ஒரு கவிஞர் திட்டமிட்டுச் செய்த வேலை நூறு ஆண்டு தாண்டியும் நிற்கிறது என்றால், வீடுகளில் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இனி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஊர்வலத்தில் ஒரு குழுவினர் பதினெட்டாம் நூற்றாண்டு பாணியில் பருத்தி உடுத்தி வந்தார்கள். வெள்ளைப் பின்னணியில் பொடிப் பொடியாய் சிவப்பு, நீலப் பூக்கள். இந்தியென் என்பது அந்தத் துணியின் பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப்போன சாயத்துணிதான் அதற்கு மூலம். துவைத்தாலும் சாயம் போகாத பருத்தியை ஐரோப்பா அதுவரை பார்த்ததில்லை. மர்சேயில் 1648-லேயே, சீட்டுக்கட்டு அச்சடிக்கும் ஒருவர் துணியில் அச்சடிக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறார். மோகம் அதிகமாகி, பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூச்சலிட்டதால் 1686-ல் பிரெஞ்சு அரசு இந்தியத் துணிக்கும் அதன் நகலுக்கும் தடை விதித்தது. தடை நீங்கியது 1759-ல். எழுபது ஆண்டுக்கும் மேலாகக் கள்ளத்தனமாக வாங்கி உடுத்தினார்களே தவிர, விடவில்லை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? நம் கடற்கரை மணலில் வளரும் இம்பூரல் என்கிற சாயவேரிலிருந்து. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைத்து, படிகாரத்தால் எழுதி, பிறகு வேரோடு கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலத்துக்கு அவுரி, நீலம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு. கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கிறிஸ்தவர்களாகியிருந்த சாயக்காரர்களிடம் கேட்டறிந்து இந்தச் செய்முறையை 1742-ல் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் கைவேலை ஆர்ல் தெருவில் நடந்து போனதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால் ஒரு வேண்டுகோள். கேர்தூவுக்கும் முன்பே, 1734 வாக்கில், போலியூ என்ற கப்பற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு துணிக்குச் சாயம் எழுதச் சொல்லி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி எடுத்து, குறிப்போடு வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியும் துண்டுகளும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அனுமதி பெற்று அந்தத் துண்டுகளின் வண்ணப் படங்களோடு ஒரு கட்டுரை வெளியிடுங்கள். சாயத் தொழில் தெரிந்த ஒருவரையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
காரைக்கால்