பிஸ்டன் கடனுக்குக் கையொப்பம் வைக்குமுன்

வடக்குக் கரையோரக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

"எஞ்சின் இழுக்குதில்லை" என்று உறுப்பினர் வந்து நின்றால் சங்கம் கடன் கொடுக்கிறது. காசு நேரே பிஸ்டனுக்கும் அதைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் போகிறது. பழைய டூ-ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் வள்ள எஞ்சினில் இழுவை குறையப் பிஸ்டனும் ஒரு காரணம்தான், ஆனால் கடைசியாகப் பார்க்கவேண்டிய காரணம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே அடியாக ஏறியது. இரண்டு சிலிண்டரில் ஒன்று செத்துப்போன எஞ்சினும் எண்ணெய் குடித்துக்கொண்டுதான் ஓடும், எரியாதது புகைவழியே கடலுக்குப் போகும். ஆகவே பழுது எங்கே என்று தெரியாமல் கடன் கொடுக்க வேண்டாம். ஒரு சோதனைத் தாளை நிரப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தாளின் முதற் கேள்வி: வள்ளம் மெதுவாகும்போது எஞ்சின் சத்தம் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏறினால் எஞ்சினில் குற்றமில்லை. வள்ளத்தைத் தள்ளும் காற்றாடியின் நடுவில் இருக்கும் றப்பர் புஷ் வழுக்குகிறது, அல்லது காற்றாடி காற்றை இழுக்கிறது. புஷ்ஷிலும் காற்றாடியிலும் குறுக்காக ஒரே கோடு கீறிவிட்டு ஓடிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. இதைப் பார்க்காமல் காபரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

சத்தம் இறங்கினால் எண்ணெய் வரும் வழியைப் பாருங்கள். இழுவை குறையும் அதே நேரத்தில் ஒருவர் எண்ணெய்க் குழாயிலுள்ள றப்பர் பல்பை அமுக்கட்டும். அமுக்க எஞ்சின் மீண்டால் எண்ணெய் பம்பின் மெல்லிய தோல் கிழிந்தோ விறைத்தோ இருக்கும். பல்ப் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் அடைப்பு டாங்குப் பக்கம்: டாங்கு மூடியின் காற்றுத்துளை, உறிஞ்சுகுழாய் வலை, அல்லது உள்தோல் உரிந்த பழைய ஹோஸ். புறப்பட்டு அரை மணியில் சோர்ந்து, மூடியைத் தளர்த்தியதும் துள்ளி எழும்புகிற எஞ்சினுக்கு வேறு வைத்தியம் தேவையில்லை, அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்தினால் போதும். பல்ப் எவ்வளவு அமுக்கியும் இறுகாவிட்டால் எங்கோ காற்று நுழைகிறது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றுகிற திறப்பையும், இணைப்பு முனையின் வளைய றப்பரையும் முதலில் சந்தேகியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணெய் குறைவாகப் போகும் டூ-ஸ்ட்ரோக்குக்கு மசகும் குறைவாகவே போகிறது. சோர்கிற எஞ்சினை முறுக்கித் திறந்து "பிடித்து" ஓட்டினால் பிஸ்டன் இறுகும். அதற்குப் பிறகு கடன் உண்மையிலேயே தேவைப்படும். கலவை 50க்கு 1 என்றால் 20 லீற்றர் எரிபொருளுக்கு 400 மில்லிலீற்றர் மசகெண்ணெய். போத்தல் மூடியால் அளப்பதைச் சங்கம் நிறுத்த வேண்டும்.

அடுத்தது நெருப்பு, அதாவது பிளக்கில் வரும் பொறி. பிளக் சோதனைக் கருவியை ஒவ்வொரு சிலிண்டரிலும் மாட்டிப் பாருங்கள். வயரைக் கையால் பிடுங்கி வெறுமனே தொங்கவிட்டால் பொறியைக் கொடுக்கும் சீடீஐ பெட்டி எரியக்கூடும். குளிரில் நல்ல பொறி, 20 நிமிடம் ஓடியபின் பொறி இல்லை என்றால் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் அல்லது ஸ்டேட்டர் சூட்டில் விடுகிறது. அதை வாங்குமுன், எஞ்சினை நிறுத்தும் சுவிச்சின் வயரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள் (அப்போது சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும்). உப்புப் பூத்த சுவிச் பொறியைக் களவெடுப்பது புதுமையல்ல.

இன்னொரு மலிவான சோதனை: எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிவிட்டுச் சிறிது தூரம் ஓடுங்கள். மூடியில்லாமல் நன்றாக இழுத்தால், அரித்த இடத்தால் புகை உள்ளே கசிந்து எஞ்சின் தன் புகையையே மூச்சாக இழுக்கிறது. சுழல் சக்கரத்துக்குக் கிட்டக் கை, சாரம் போகாமல் கவனம்.

சூடும் இழுவையைத் தின்னும். எங்கள் ஆழமில்லாத களக்கடலில் சேறும் சாதாளைக் கடற்புல்லும் நீர் உறிஞ்சும் வாயை மூடிவிடும், மணல் நீர்ப் பம்பின் றப்பர்ச் சக்கரமான இம்பெல்லரின் இறகைத் தேய்க்கும். எஞ்சினைக் குளிர்த்தி வெளியே பீச்சும் ஒழுகுநீர் மெலிந்தால் இம்பெல்லரை மாற்றுங்கள். உடைந்த இறகுத் துண்டுகளை எண்ணிப் பாருங்கள், குறைகிற துண்டு மேலே நீர்வழியில் செருகியிருக்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடாகிறது என்கிற முறைப்பாட்டுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் சரியென்றால் மட்டுமே கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எஞ்சின் உடலோடு இணைத்து, கொம்பிரஷன் மீற்றரை ஒவ்வொரு பிளக் துளையிலும் மாட்டி, வேகம் கூட்டும் முறுக்கியை முழுதாகத் திறந்து, கயிற்றை நாலைந்து தரம் பலமாக இழுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினின் எண் பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். பார்க்கவேண்டியது இரண்டு சிலிண்டருக்குமுள்ள வித்தியாசம். ஒன்று 100, மற்றது 75 என்றால் கோளாறு. அப்போதும் உடனே பிஸ்டன் வாங்க வேண்டாம். புகைப்பக்க மூடியைத் திறந்து, துவாரத்தினூடாக ரிங்கை மெல்லிய மரக்குச்சியால் அமுக்குங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்தால் ரிங் உயிரோடு இருக்கிறது. அசையாவிட்டால் கரி பிடித்திருக்கிறது, சுத்தம் செய்து மீண்டும் அளக்கலாம். பெற்றோலில் தொடக்கிய எஞ்சின் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது இந்தக் கரியைக் கூட்டும். கரைக்கு வருமுன் பெற்றோலுக்குத் திருப்பாமல் நிறுத்தினால் அடுத்த நாள் காலை கயிறு இழுத்தே தோள் விட்டுப்போகும்.

சங்கம் வாங்க வேண்டியவை: கொம்பிரஷன் மீற்றர், பிளக் சோதனைக் கருவி, சுற்று எண்ணும் மீற்றர், பழுதில்லாத ஹோஸும் பல்பும் பூட்டிய ஒரு சிறு டாங்கு. கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் கணிப்பில் முதலாவது. உறுப்பினரின் டாங்கைக் கழற்றி இதை மாட்டினால் எண்ணெய்ப் பக்கப் பழுதுகளில் பாதி அங்கேயே பிடிபடும். கொம்பிரஷன் மீற்றர் வாங்கும்போது அதன் நுனி 14 மில்லிமீற்றர் பிளக் புரிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், 10 மில்லிமீற்றர் நுனி மட்டும் உள்ளதைத் தந்துவிடுவார்கள். அளந்த எண்ணை எஞ்சின் இலக்கத்தோடும் திகதியோடும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கரையோர எஞ்சின் திருத்துநர்கள்