‘மனிதனைப் போன்றது’ என்ற ஒற்றை வரி: விலங்காய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பன்றிகளைக் கொண்டு செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி கோரி உங்களிடம் வரும் விண்ணப்பங்களில், ‘ஏன் இந்த விலங்கு?’ என்ற கேள்விக்கு எதிரே ‘பன்றியின் உடலமைப்பு மனித உடலமைப்பை ஒத்தது’ என்ற ஒற்றை வரியே பல வேளைகளில் பதிலாக நிற்கிறது. ஆய்வுக்கூடப் பன்றிகளைப் பராமரிக்கும் கால்நடை மருத்துவன் என்ற முறையில், அந்த வரியை இனி விடையாக ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

பன்றியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் காரணமான மரபணு செயலிழந்த சுண்டெலிகள் 1992-ஆம் ஆண்டிலேயே உருவாக்கப்பட்டன. ஆனால் நோயாளிகளின் உயிரைக் குடிக்கும் நுரையீரல் பாதிப்பு அவற்றில் முறையாகத் தோன்றவில்லை. அதே மரபணுவைச் செயலிழக்கச் செய்த பன்றிக்குட்டிகளைப் பற்றிய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அவற்றின் கணையம் பிறக்கும்போதே சிதைந்திருந்தது. சில மாதங்களில் நுரையீரலும் பழுதடைந்தது. அதே சமயம், மனிதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கே வரும் பிறவிக் குடலடைப்பு, இக்குட்டிகளில் ஏறத்தாழ அனைத்துக்குமே வந்தது. இவ்வளவு நெருங்கிய மாதிரியிலும் இப்படியொரு விலகல் இருக்குமானால், எந்த உறுப்பில், எந்த அளவுக்கு ஒப்புமை என்று விண்ணப்பதாரர் எழுதித்தானே ஆக வேண்டும்?

தோலை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டெலியின் காயத்தைத் தோலடித் தசை இழுத்துச் சுருக்கிப் பெருமளவு மூடிவிடுகிறது. பன்றித் தோலோ, நம்முடையதைப் போலவே, கீழுள்ள கொழுப்போடு இறுகப் பிணைந்தது. அதனால் அங்கே புதுத்தோல் படர்ந்துதான் காயம் ஆற வேண்டும். கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய வெளிறிய விளிம்பு சற்றே உள்நோக்கி நகர்ந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் உடலைக் குளிர்விக்கும் வியர்வையைப் பற்றிய ஆய்வு என்றால் அதே தோல் உதவாது. கர்ப்ப காலத்தில் தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் எதிர்ப்பொருள்களைப் பற்றிய ஆய்வுக்கும் பன்றி பொருந்தாது: அதன் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை, குட்டிக்கு அவை கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான்.

இதய ஆய்வுகளில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பன்றியின் இதயத் தமனிகளுக்கிடையே, அடைப்பைச் சுற்றி இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பக்கவழி நாளங்கள் மிகக் குறைவு என்பதால், ஒரு தமனியை அடைத்தால் தசை எங்கே எவ்வளவு மடியும் என்பதை ஓரளவு துல்லியமாக முன்கூட்டியே சொல்லலாம். இதற்காகவே பன்றியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் மேசையில் கிடத்தப்படுவது சில மாதங்களே வயதான, நோய்நொடியற்ற விலங்கு. மாரடைப்போடு வருபவரோ பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர். மேலும், பண்ணைப் பன்றி ஆறே மாதத்தில் 100 கிலோவைத் தொட்டுவிடும். இதயத்தில் பொருத்தும் கருவியை நீண்டகாலம் சோதிக்கும்போது நாம் அளப்பது கருவியின் விளைவையா, இதயத்தின் வளர்ச்சியையா என்ற குழப்பம் அதனால் வருகிறது. முழு வளர்ச்சியிலும் ஏறக்குறைய 40 கிலோ எடையே உள்ள கோட்டிங்கன் குறும்பன்றிகளை இத்தகைய ஆய்வுகளுக்குப் பரிசீலித்தார்களா என்றாவது நீங்கள் கேட்கலாம்.

இனத்தைக் குறிப்பிடாத விண்ணப்பம் எனக்கு அச்சத்தையே தருகிறது. சில பன்றி இனங்களில் காணப்படும் ஒரு மரபணு மாற்றத்தால், மயக்க வாயு கொடுத்த சில நிமிடங்களில் தசைகள் விறைத்து, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். அப்போது ஆய்வும் போகும், விலங்கும் போகும்.

ஆகவே, ஆராயப்படும் உறுப்பிலோ நோய்ப்போக்கிலோ உள்ள ஒப்புமை எது, விலகல் எது, அந்த விலகல் முடிவை எப்படிப் பாதிக்கும், தேர்ந்தெடுத்த இனமும் வயதும் எடையும் ஏன் பொருத்தமானவை என்பதை விளக்காத விண்ணப்பங்களை, அறுவை அட்டவணை வகுக்கப்படும் முன்பே திருப்பி அனுப்புமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூடக் கால்நடை மருத்துவர் ஒருவர்