மணிக்கட்டை அளந்துவிட்டு வாட்ச் தேடு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்ததும் முதல் வேலையாக வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். துறைத்தலைவர் பொறுப்பு உன்னைத் தேடி வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. யாரையும் முந்தாமல், யாரிடமும் போய் நிற்காமல் உன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ. உரியவனுக்கு உரியது கிடைத்திருக்கிறது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டயலில் ஆறு மணிக்குக் கீழே அச்சிட்டிருக்கும் பொடி எழுத்துகூட இப்போது பளிச்சென்று தெரிகிறது. அதனால் எதை ஆன்லைனில் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று வாட்ச் படங்களையும் நிதானமாகப் பெரிதுபடுத்திப் பார்த்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவதைப் போல ஒன்று வாங்கு. வெள்ளை டயல், எண்களுக்குப் பதில் மெல்லிய கோடுகள், ஒல்லியான உடம்பு, கறுப்புத் தோல் வார். உனக்குப் பிடித்தது டயலின் நடுவே ஓட்டை விட்டு உள்ளே சக்கரம் ஆடுவது தெரிகிற அந்த முதல் வாட்ச்தான் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. ஆனாலும் நீ மேடையேறவும் கூட்டங்களுக்குப் போகவும்தானே கேட்கிறாய்? அந்த மாதிரி இடத்துக்கு, பார்க்கிறவர் கண்ணை இழுக்காத வாட்ச்தான் அழகு.

ஆன்லைனில் வாங்கும்போது எல்லாரும் படத்தைப் பார்க்கிறார்கள். நீ அளவைப் பார். படத்தில் எல்லா வாட்சும் ஒரே அளவில்தான் தெரியும், எல்லாவற்றிலும் மணி பத்து பத்துதான் காட்டும், எதையும் பக்கவாட்டில் எடுத்திருக்க மாட்டார்கள். டிரஸ் வாட்சுக்கு, அதாவது நல்ல உடையோடு விசேஷங்களுக்குக் கட்டுகிற அடக்கமான வாட்சுக்கு, உயிரே அந்தப் பக்கவாட்டுத் தோற்றம்தான். முழுக்கைச் சட்டைக்குப் பட்டன் போட்டபின் வாட்ச் அதற்குள் தானாக நழுவிப் போகவேண்டும், மணி பார்க்கக் கையை நீட்டினால் தானாக வெளியே வரவேண்டும். 7, 8 மி.மீ. தடிமன் என்றால் இது சிரமமில்லாமல் நடக்கும். 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். 12-க்கு மேல் போனால் சட்டைக் கையின் நுனிப்பட்டி அதன்மேல் ஏறி மாட்டிக்கொண்டு நிற்கும், நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

அடுத்தது விட்டம். ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி, ஸ்கேலில் வைத்து அள. 16 செ.மீ. பக்கம் வந்தால் 36 முதல் 38 மி.மீ. விட்டம் பொருத்தமாக இருக்கும். 17, 18 என்றால் 40 வரை போகலாம். விளம்பரத்தில் விட்டத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், வார் மாட்டுகிற மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனிவரை உள்ள நீளம். லக் டு லக் என்று போட்டிருப்பார்கள். விட்டம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு வாட்சில் ஒன்றுக்கு அது 45 இருக்கும், இன்னொன்றுக்கு 50 இருக்கும். கொம்புகள் மணிக்கட்டின் தட்டையான பரப்பைத் தாண்டி வெளியே நீட்டினால் இரவல் வாங்கிக் கட்டியதுபோல் தெரியும். காகிதத்தில் அந்த நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி மணிக்கட்டின்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்துவிடு. இரண்டு நிமிட வேலைதான். இன்னொன்று, டயலைச் சுற்றியிருக்கும் உலோக வளையம் மெலிந்து டயலே முழுக்க நிறைந்திருக்கும் வாட்ச், அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். வெள்ளை டயலும் கறுப்பைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே சந்தேகம் வந்தால் ஒரு அளவு சின்னதாகவே எடு.

சரி, ஆட்டோமேட்டிக் விஷயத்துக்கு வருகிறேன். அதன்மேல் உனக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. செல் இல்லாமல் கை அசைவிலேயே ஓடுவது என்பது இன்றைக்கும் என்னை வியக்க வைக்கிற சங்கதி. குறைந்த விலை ஆட்டோமேட்டிக்கில் டிரஸ் வாட்ச் என்றால் எல்லாரும் சொல்வது ஓரியன்ட் நிறுவனத்தின் பம்பினோ. குவிந்த கண்ணாடியும் டயலின் அடக்கமும் உண்மையிலேயே அழகு. ஆனால் அது கிட்டத்தட்ட 12 மி.மீ. தடிமன். பழைய 40.5 மி.மீ. மாடலில் வார் அகலம் 21 மி.மீ. என்பதால் மாற்று வார் தேடி அலையவேண்டும். கடைகளில் 18, 20, 22 மி.மீ.தான் தாராளமாகக் கிடைக்கும். பின்னால் வந்த 38 மி.மீ. மாடலில் இந்தத் தொல்லை இல்லை, வாங்குவதானால் அதை வாங்கு.

தடிமனைவிட எனக்குப் பெரிய ஆட்சேபம் வேறு. இந்த விலையில் வரும் ஆட்டோமேட்டிக் எஞ்சின்கள் கழற்றி வைத்தால் சுமார் 40 மணிநேரம் ஓடி நின்றுவிடும். நீ மாதத்துக்கு நாலைந்து தடவை கட்டப்போகிறவன். ஒவ்வொரு தடவையும் கிளம்புகிற அவசரத்தில் சாவி கொடுத்து, நேரம் வைத்து, தேதி திருப்பவேண்டும். அந்தத் தேதியையும் இரவு ஒன்பதுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையே முள் நிற்கும்போது திருப்பக்கூடாது, பல் சக்கரம் கெட்டுவிடும். ஒரு நாளைக்குப் பத்து இருபது விநாடி முன்பின் ஆவதும் இந்த ரகத்தில் குறையே இல்லை. தயாரிப்பாளர்களே அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். சில வருடம் போனால் பிரித்து எண்ணெய் போடவேண்டும், அந்தக் கூலி சில சமயம் வாட்ச் விலையை நெருங்கிவிடும்.

செல்லில் ஓடும் குவார்ட்ஸ் அப்படியில்லை. பெட்டியிலிருந்து எடுத்தால் சரியான நேரம் காட்டும். உள்ளே ஒரு சின்னப் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது, அதை எண்ணித்தான் முள் நகர்கிறது. மாதத்துக்கு 15, 20 விநாடிக்குமேல் தவறாது. இதை மலிவுச் சரக்கு என்று சிலர் ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கும். 1969 டிசம்பர் 25-ஆம் தேதி டோக்கியோவில் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை ஒரு சின்னக் கார் விலை. அன்றைக்குப் பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த துல்லியம் இன்று நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்திருக்கிறது. செல் மாற்றுவதுகூட வேண்டாம் என்றால் சிட்டிசனின் ஈகோ டிரைவ் பார், வெளிச்சத்திலேயே சார்ஜ் ஆகும். அலமாரி இருட்டில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காமல் இருந்தால் போதும்.

கண்ணாடியில் சஃபையர் கிடைத்தால் நல்லது. வைரத்துக்கு அடுத்த நிலையில் இருக்கும் கடினம், மணலும் புழுதியும் அதைக் கீற முடியாது. மினரல் என்கிற சாதாரண ரகக் கண்ணாடியில் கீறல் விழும், ஆனால் நீ எப்போதாவது கட்டுகிறவன், பரவாயில்லை. தண்ணீர் விஷயத்தில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பிக் குளத்தில் இறங்கிவிடாதே. கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், அவ்வளவுதான்.

விவரப் பட்டியலில் கேஸ், அதாவது வாட்சின் உடம்பு, எதில் செய்தது என்று பார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று இருக்கவேண்டும். வெறுமனே 'அலாய்' என்றால் துத்தநாகக் கலவைமேல் முலாம் பூசியிருக்க வாய்ப்பு அதிகம். வியர்வை பட்டுப் பட்டுக் கொம்புப் பக்கம் உரிய ஆரம்பிக்கும். பின்மூடியில் மட்டும் ஸ்டீல் என்று எழுதி ஏமாற்றுவதும் உண்டு. 'ஸ்விஸ் மேட்' என்பதும் 'ஸ்விஸ் மூவ்மென்ட்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதைப் போட 2017 முதல் உற்பத்திச் செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இரண்டாவது உள்ளே இருக்கும் எஞ்சினைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. 'ஜப்பான் மூவ்மென்ட்' என்பதும் அப்படியே.

நீ அனுப்பிய இரண்டாவது வாட்ச் வேண்டவே வேண்டாம். 80 சதவீதத் தள்ளுபடி, ஐரோப்பியப் பெயர், டயலில் மூன்று குட்டி டயல்கள். அதை வாங்கினவர்கள் போட்ட படங்களைப் பெரிதுபடுத்திப் பார்த்தேன், எல்லாப் படத்திலும் அந்தக் குட்டி முட்கள் ஒரே இடத்தில் நிற்கின்றன. வெறும் அலங்காரத்துக்கு அச்சிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஓடாத முள்ளை ஓடுவதுபோல் காட்டுகிறவர்களிடம் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

விற்பவர் யார் என்பதையும் பார்த்துக்கொள். தளம் பெரியதாக இருந்தாலும் அதில் கடை போட்டிருப்பவர் யாரோ ஒருவராக இருப்பார். வாட்ச் நிறுவனத்தின் சொந்தக் கடையாகவோ அவர்கள் அங்கீகரித்தவராகவோ இருந்தால் உத்தரவாதம் செல்லும். வெளியாள் விற்பது அசலாகவே இருந்தாலும் பழுதானால் நிறுவனம் பார்க்காமல் போகலாம். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடு.

பார்சல் வந்தால் பிரிப்பதை வீடியோ எடு. வைத்துக்கொள்வது என்று முடிவாகும்வரை கண்ணாடிமேல் இருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்காதே. அப்புறம் நல்ல வெளிச்சத்தில் பார்: சரியாக ஆறு மணிக்கு வைத்தால் இரண்டு முள்ளும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா, கோடுகள் கோணாமல் ஒட்டியிருக்கிறதா, கண்ணாடிக்கு உள்ளே தூசி இருக்கிறதா, பின்மூடியில் உள்ள எண்ணும் உத்தரவாத அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா. ஏதாவது ஒன்று சரியில்லை என்றாலும் தயங்காமல் திருப்பி அனுப்பு. கூட வரும் வார் பெரும்பாலும் விறைப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் செலவழித்து நல்ல தோல் வார் ஒன்று தனியாக வாங்கி மாட்டு, அதே வாட்ச் ஒரு படி உயர்ந்துவிடும்.

நூல் வைத்து அளந்து எத்தனை செ.மீ. என்று எழுது. அதற்குத் தகுந்த மாதிரி நானும் இரண்டு மூன்று தேடி அனுப்புகிறேன், அதுவரை எதையும் வாங்கிவிடாதே. வசந்தாவை மிகவும் விசாரித்ததாகச் சொல். பொறுப்பேற்கிற அன்று எடுத்த படம் ஒன்று கட்டாயம் அனுப்பு.

அன்புடன்,
ராகவன்