மைலேடி பூங்காவை மீட்டெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் சென்னை மக்களுக்காக உருவாக்கிய பீப்பிள்ஸ் பார்க் என்னும் பூங்கா, பின்னாளில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றுக்கும் இடம்கொடுத்துச் சுருங்கி, அதிலிருந்த உயிரியல் பூங்காவும் 1985இல் வண்டலூருக்குப் போனபின், மைலேடி பூங்கா என்ற சிறு துண்டாக எஞ்சியிருக்கிறது. இதைப் புதுப்பிப்பதென்றால் கிரானைட் நடைபாதையும் செயற்கை நீரூற்றும் அமைப்பது என்று பொருள்கொள்ளக் கூடாது. முதிர்ந்த மரங்களின் வேரடியைச் சிமென்ட் பூசி மூடினால் மழைநீர் மண்ணில் இறங்காது. மரம் மெல்லப் பட்டுப்போகும். எனவே மண்தரையை விட்டுவைத்து, நிழலில் இருக்கைகள் போட்டு, சென்ட்ரலில் வந்திறங்கும் வெளியூர்ப் பயணிகளும் கட்டணமின்றி இளைப்பாறும்படி மாநகராட்சி இதைச் சீரமைக்க வேண்டும். பூங்காவின் வரலாற்றைத் தமிழில் சொல்லும் பலகை ஒன்றும் வாயிலில் அவசியம்.

இப்படிக்கு,
வாசகர், பெரியமேடு, சென்னை