செந்திலுக்கு, உன் பம்ப் பாடி பற்றி

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கம் விடாதே. சொன்னால் கேட்க மாட்டார், தெரியும்.

சரி, பம்ப் பாடி விஷயத்துக்கு வருகிறேன். டூல் முனையில் அலுமினியம் அப்பிக்கொள்கிறது, ஃபினிஷ் வரவில்லை என்கிறாய். இன்செர்ட் மாற்றிக் காசைக் கரைக்காதே. நீ வாங்குவது எல்எம் 25 என்கிற அலுமினிய-சிலிக்கான் கலவை, சூட்டுப் பதம் எதுவும் செய்யாமல் வார்த்தபடியே வருகிற சரக்கு. அதன் கடினம் பிரினெல் அளவில் 55-65தான் இருக்கும், அவ்வளவு மெத்தென்று இருந்தால் டூலில் அப்பத்தான் செய்யும்.

முழு டி6, அதாவது காய்ச்சி, தண்ணீரில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வைக்கிற பதம், செய்தால் 90-110க்கு ஏறும். வேலையைச் செய்வது அதிலிருக்கும் துளி மெக்னீசியம். 530-540 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் அதுவும் கொஞ்சம் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரையும். உடனே 70-80 டிகிரி வெந்நீரில் முக்கினால் பிரிந்து வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் 160 டிகிரி வாக்கில் 8-12 மணி நேரம் வைத்தால் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து உலோகத்தை இறுக்கும். (1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் இதைக் கண்டபோது, தண்ணீரில் முக்கிய கலவை சும்மா கிடந்தே சில நாளில் கடினமாகியிருந்தது!)

ஃபர்னஸ் கதவைத் திறந்ததும் கூடை சில நொடிகளில் தண்ணீருக்குள் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் அந்த இடத்தை நேரில் போய்ப் பார். தண்ணீர்த் தொட்டி ஷெட்டின் மறுகோடியில் இருந்து, கூடை கிரேனில் ஆடி ஆடிப் போனால் கொடுத்த காசு வீண். பச்சைத் தண்ணீரும் வேண்டாம். மெல்லிய சுவர் கோணிக்கொள்ளும்.

ஆனால் உன் தொல்லை டூலோடு மட்டும் என்றால், கடைசிப் படியை, அந்த 160 டிகிரிச் சூட்டை, மட்டும் செய்யச் சொல். கடினம் 70-75 வரும், சுருள் ஒழுங்காக உடையும், கோணல் பயமும் இல்லை, செலவும் குறைவு. நானாக இருந்தால் முதலில் இதைத்தான் செய்வேன். அழுத்தம் தாங்கும் பாடி என்றால்தான் முழு டி6. அப்போதும் ரஃபிங்கை (முரட்டு வெட்டை) டி6க்கு முன்னாலும் ஃபினிஷிங்கை அதற்குப் பின்னாலும் வைத்துக்கொள்.

பம்ப்பின் டை காஸ்டிங் மூடியை (அச்சில் அழுத்தி வார்த்தது) மட்டும் 530 டிகிரிக்கு அனுப்பிவிடாதே. உள்ளே சிக்கிய காற்று விரிந்து மேலெல்லாம் கொப்புளம் கிளம்பிவிடும்.

பாடியின் டிராயிங்கை அனுப்பு, எந்தச் சுவர் மெல்லிசு என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்