அந்தத் துண்ட தமிழ்லயும் அடிங்க

சுகாதாரப் பகுதி பெரியவங்களுக்கு வணக்கம்.

மார்புல புற்று இருக்கான்னு பாக்குற மார்புப் படம் (மேமோகிராம்) எடுக்க வாற பொம்பளைங்களுக்கு குடுக்குற துண்டுக் காகிதம் உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்க சித்திக்கு குடுத்தது சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் மட்டுந்தான். அவங்க மஸ்கெலியா பக்கம் கொழுந்து எடுக்குறவங்க, அன்னைக்கு நாள் சம்பளத்த விட்டுட்டு விடிய 3 மணிக்கே குளிச்சு, பஸ் நெருக்கத்துல யாரும் மூஞ்ச சுளிக்கக் கூடாதுன்னு மக டுபாயில இருந்து அனுப்புன, கக்கத்துல வேர்வய அடக்குற ரோல் ஆன நல்லா பூசிக்கிட்டுப் போனாங்க. பூசாம வாங்கன்னுதான் துண்டுல இருந்திருக்கு.

படத்துல வெள்ளப் புள்ளி விழுந்திருக்கு. "ரோல் ஆன் எக நிசா"ன்னு சொல்லி இன்னொரு நாள் வரச் சொல்லிட்டாங்க. ரோல் ஆனாலதான்னு வெளங்குற அளவுக்கு சித்திக்கு சிங்களம் தெரியும், அதுக்கு மேல தெரியாது. ரோல் ஆனால கேன்சர் வந்திருச்சுன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து அத கானுல வீசிட்டு, நீயும் பூசாதடின்னு டுபாய்க்கு ஃபோன் போட்டு அழுதாங்க.

அதுல இருக்குற அலுமினிய உப்பு வேர்வ வாற தொளய கொஞ்ச நேரம் அடைக்கும், அந்தத் தூளு படத்துல சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே தெரியும், அம்புட்டுத்தான். அமெரிக்காவுல 2002ல மார்புப் புற்று வந்த 813 பேரையும் வராத 793 பேரையும் விசாரிச்சுப் பாத்து தொடர்பு தெரியலன்னு எழுதினாங்க. 2004ல இங்கிலாந்துல 20 மார்புக் கட்டிய சோதிச்சுப் பாத்து, பூச்சு சாமான் கெடாம இருக்கச் சேக்குற பராபென் இருந்துச்சுன்னாங்க, ஆனா நல்ல சதையில பாக்கவும் இல்ல, அதாலதான் கட்டி வந்துச்சுன்னு சொல்லவும் இல்ல. வாட்ஸ்அப்புல வாற வொய்ஸ் மெசேஜ்தான் வேர்வய அடைச்சா விஷம் உள்ள தங்கிரும்ங்குது, கழிவ வெளியேத்துறது கிட்னியும் ஈரலும்ங்க, கக்கம் இல்ல. பயங்காட்டுறவனுக்கு நல்லா தமிழ் வருது, உங்களுக்குத்தான் வர மாட்டேங்குது.

தமிழும் இலங்கையில அரச கரும மொழின்னு 1987லயே சட்டத்துல எழுதியாச்சு. ஓட்டு கேக்குற நோட்டீஸ் மட்டும் லயத்துக் கதவு வரைக்கும் சுத்தத் தமிழ்ல வருது, அதுல ஒரு எழுத்துப் பிழை கூட இருக்காது.

மன்னிக்கணும், கேக்க வந்தது அது இல்ல. ரோல் ஆன், பவுடர், கிரீம் எதுவும் பூசாம வாங்க, பூசுனா படத்துல புள்ளி விழலாம், பூச்சால விழுற புள்ளி நோய் இல்லன்னு ரெண்டு வரி தமிழ்ல அடிங்க. அடிக்க காசு இல்லைன்னா சொல்லுங்க, நானே எழுதி போட்டோ காப்பி எடுத்துத் தாறேன்.

சித்திக்கு அடுத்த மாசம் மறுபடி திகதி. வந்தது வந்திருச்சு, இனி எதுக்குப் படம்னு போக மாட்டேங்குறாங்க. தயவு செஞ்சு அதுக்குள்ள அந்தத் துண்ட தமிழ்ல தாங்க, வாசிச்சுக் காட்டி கூட்டிக்கிட்டு வாறேன்.